கடலில் கட்டிய நூல்

பென்ஷன்காரர்களே, உங்களில் பாதிப்பேர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்த பிறகுதான் இதை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பைய எடுங்கள், அவசரமில்லை. நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் குழுவில் போன வாரம் ஒரு வேண்டுகோள் வந்ததல்லவா? பள்ளிக்கூடங்களில் பூகோளம் கற்பிக்க என்னென்ன சாதனங்கள் வேண்டும், என்னென்ன யோசனைகள் உண்டு, ஆளுக்குப் பத்து எழுதித் தாருங்கள் என்று. நானும் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். ஒன்று, உலக உருண்டை. இரண்டு, சுவர்ப்படம். மூன்று, சிவப்பு நூல்கண்டு ஒன்று. அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

நூல்கண்டு எதற்கு என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் செய்த துரோகத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. இந்த வயதில் இனி என்ன, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் வயலுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. வடக்கேயிருந்து நாங்கள் வரப்பு வழியாக வருவோம். தெற்கேயிருந்து கடற்கரைப் பிள்ளைகள் மணலில் நடந்து வருவார்கள். மணியடிக்கும்போது எங்கள் காலில் சேறு, அவர்கள் காலில் மணல். வகுப்பைப் பெருக்குகிற ஆயா இரண்டு கூட்டத்தையும் ஒரே வாயால் வைவாள்.

பூகோளத்துக்கென்று அங்கே இருந்தது இரண்டே பொருள். ஒன்று, அச்சு ஒடிந்துபோன உலக உருண்டை. அதை ஒரு பிஸ்கட் தகர டப்பாவின் மேல் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வடதுருவத்து ஓட்டைக்குள் எறும்புகள் குடியிருந்தன. இரண்டாவது, துணியில் ஒட்டிய இந்தியா சுவர்ப்படம். அதை விரித்தால் பாச்சை உருண்டையும் பழைய பசையும் கலந்த ஒரு மணம் வரும், இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. எந்த வாத்தியார் வந்தாலும் முதல் காரியமாகப் பிரம்பு நுனியால் படத்தின் கீழ்க்கோடியில் தட்டி, "நாம இங்க இருக்கோம்" என்று சொல்லித்தான் தொடங்குவார். வருஷக் கணக்கில் தட்டித் தட்டி, நாம் இருந்த இடம் கிழிந்து ஓட்டையாகிவிட்டது. காஷ்மீர் இருந்தது, அஸ்ஸாம் இருந்தது, இலங்கைகூடப் பத்திரமாக இருந்தது. எங்கள் ஜில்லா மட்டும் இல்லை. அந்த ஓட்டை வழியாகச் சுவரின் சுண்ணாம்பு தெரியும்.

பூகோள சார் கிழக்கேயிருந்து வந்தவர். தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். நல்ல மனுஷர். சத்தம்தான் பெரிது. பாடப்புத்தகத்தைத் தவிர கையில் ஒன்றும் கொடுக்காமல் ஒருவரை உலகம் முழுவதையும் கற்பிக்கச் சொன்னால் சத்தம் போடாமல் என்ன செய்வார்? நானே பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அதே சத்தத்தைப் போட்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரியாததா.

என் பெஞ்சுக்காரி கடற்கரைப் பிள்ளை. முட்டத்துக்குக் கொஞ்சம் கிழக்கே அவள் ஊர். அவளுடைய அப்பன் கட்டுமரத்தில் தூண்டில் போடப் போகிறவர். வீட்டில் மூன்றும் பெண்கள், இவள் மூத்தவள். எங்கள் வீட்டிலோ சுத்த சைவம். பள்ளியில் சேர்ந்த அன்றைக்கே அம்மா என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "பக்கத்துல யாரு இருந்தாலும் இருந்துக்கோ. ஆனா ஒருத்தி தாற ஒண்ணையும் வாயில வச்சிராத, கேட்டியா? வச்சேன்னா தோல உரிச்சிருவேன்."

நான் வாயில் வைத்தேன். ஒருநாள் இல்லை, அந்த வருஷம் எத்தனையோ நாள் வைத்தேன். அவள் வாழையிலையில் பொதிந்து கொண்டுவரும் நெத்திலி வறுவலை மத்தியானம் பெஞ்சுக்கு அடியில் கையை நீட்டி வாங்குவேன். மொறுமொறுவென்று, மிளகுத்தூள் காரத்தோடு! பிறகு புளியங்கொழுந்தைக் கசக்கி வாயில் போட்டு மணத்தைக் கொல்வோம். ஒருமுறை கோயில் திருவிழாவில் என் அம்மா அவளைப் பார்த்து, "எம் மக உங்கிட்ட எதும் வாங்கித் திங்காளாட்டி?" என்று நேருக்கு நேர் கேட்டாள்.  அவள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "இல்லயே அம்மா. நான் குடுத்தாலும் ஒங்க பிள்ள மூக்கப் பொத்தும்" என்றாள். அப்படிப்பட்டவள்.

பருவமழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் சார் வீட்டுப்பாடம் கொடுத்தார்: உங்கள் ஊரின் வரைபடம் வரைந்து வாருங்கள். நான் தெருவைக் கோடாகப் போட்டு, குளம், கோயில், ரேஷன் கடை, போஸ்ட் ஆபீஸ் எல்லாம் எழுதி, மூலையில் திசை காட்டும் அம்புக்குறியும் போட்டேன். பத்துக்கு ஒன்பது. பெஞ்சுக்காரியின் தாளில் மேலே ஒரு வரிசை மலைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். ஒன்று கூனல், ஒன்று இரட்டைத்தலை, ஒன்று கவிழ்த்த சட்டி. அதற்குக் கீழே தென்னை, கலங்கரை விளக்கு, மாதா கோவில் கோபுரம். அதற்கும் கீழே தாள் முக்கால்வாசி வெற்றிடம். அடியில் பொடிசாக ஒரு கட்டுமரம்.

சார் தாளைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "ஊரு எங்க? தெரு எங்க? ஒன் வீடு எங்க இருக்கு?"

"சார், அங்க நின்னு பாத்தா எங்க ஊரு இப்படித்தான் தெரியும்."

"எங்க நின்னு பாத்தா?"

"கடல்ல."

வகுப்பே சிரித்தது. சார் சிவப்பு மையில் பெரிதாக ஒரு முட்டை போட்டார். சிரித்தவர்களில் நானும் உண்டு. நெத்திலி தின்ற வாய்தான், என்ன செய்ய. அவள் தாளை வாங்கி மடிக்காமல், கசக்காமல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். இன்றைக்கு யோசித்தால் அந்த வகுப்பில் உருப்படியான வரைபடம் அது ஒன்றுதான். சாருக்கு அது தெரியவில்லை. அவர் கடலைக் கரையில் நின்று மட்டுமே பார்த்தவர்.

மழை ஓய்ந்ததும் வட்டாரப் பள்ளிகளுக்கான பொருட்காட்சி வந்தது. அந்த வருஷம் எங்கள் பள்ளியில். முதல் பரிசு, புத்தம்புதிய சுவர்ப்படங்கள் ஒரு கட்டும் சுழலுகிற உலக உருண்டையும். சாருக்குத் தூக்கம் போய்விட்டது. "நம்ம ஜில்லாதான் படத்துல ஓட்டையாக் கிடக்கு. அதையே நாம செஞ்சு காட்டுவோம்டே" என்றார்.

பழைய கரும்பலகை ஒன்றைப் படுக்கப்போட்டு அதன்மேல் வேலை தொடங்கியது. வயற்காட்டுப் பிள்ளைகள் குளத்துக் களிமண்ணைச் சுமந்து வந்து மலைகளைப் பிடித்தோம். வயலுக்கு ஈரச் சாக்கு விரித்து நெல்லை முளைக்க விட்டோம். நாலே நாளில் பச்சை எட்டிப் பார்த்தது. ஆற்றுக்கு சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாள். கலங்கரை விளக்குக்கு ஒரு சாக்கட்டி. கடற்கரைப் பிள்ளைகள் மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கறுப்பு மணலும் சிவப்பு மணலும் வேட்டித் துணியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். அந்தக் கறுப்பு மணலைக் கையில் அள்ளினால் இருக்கிற கனம், அம்மாடி! அது என்ன மணல், எதற்காக அதைக் கம்பெனியில் அரிக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லித்தான் சாருக்கே தெரியும்.

எனக்கும் பெஞ்சுக்காரிக்கும் கிடைத்தது கடல். துணிக்குப் போடுகிற நீலத்தை வெள்ளை மணலில் கலந்து பரப்ப வேண்டும், அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. மற்றவர்கள் மலை, வயல், பாலம் என்று கொண்டாட்டமாகச் செய்துகொண்டிருக்க, எங்கள் பங்கு மொட்டையாகக் கிடந்தது. எனக்கு எரிச்சல்.

"சவம், கடல்ல ஒண்ணுமே இல்ல பாரு" என்றேன்.

"யாரு சொன்னா ஒண்ணும் இல்லன்னு?" என்றாள் அவள். சுற்றும் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே வைத்துத்தான் சொன்னாள். கடலுக்கு அடியில் பாறைகள் உண்டு. அந்தப் பாறைகளில்தான் பெரிய மீன் அண்டும். தண்ணீருக்கு மேலே அடையாளம் ஒன்றும் கிடையாது. அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? கரையைப் பார்க்க வேண்டும். கரையில் ஒரு கோபுரமோ மரமோ, அதற்குப் பின்னால் தூரத்து மலை ஒன்றின் குறிப்பிட்ட இடத்துக்கு நேராக வரும்படி கட்டுமரத்தைத் துழாவிப் போக வேண்டும். அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் வேறொரு அடையாளமும் வேறொரு மலையும் நேராக வர வேண்டும். அது இரண்டாவது கோடு. இரண்டும் சேரும் இடத்தில் தூண்டிலைப் போட்டால் பாறை. இதற்குக் கணியம் என்று பெயர்.

"ஊருக்குப் பொதுவா கொஞ்சம் கணியம் உண்டு. அது எல்லாவனுக்கும் தெரியும். ஆனா எனக்க அப்பனுக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணு உண்டு. அதுக்க அப்பன் சொல்லிக் குடுத்தது" என்றாள். "எங்க வீட்டுல பொன்னு கிடையாது. எனக்குக் கல்யாணம் வரும்போ, மாப்பிள்ளைக்க காதுல அந்தக் கணியத்தச் சொல்லுவேன்னு அப்பன் சொல்லும். அதுதான் எனக்குச் சீதனம்."

"ஒனக்குத் தெரியுமா அது?"

"பின்ன? ஆம்பிளப் பிள்ள இல்லல்லா, எங்கிட்டதான் ராத்திரி சோறு தின்னும்போ சொல்லிச் சொல்லிப் பாக்கும். ஒருதடவ கட்டுமரத்துல கொண்டுபோயும் காட்டிச்சு."

பிறகு சொல்லிவிட்டாள். நாலு அடையாளம், இரண்டு கோடு. ஏன் சொன்னாள்? நான் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. என் மீன் ரகசியம் அவளிடம் இருந்தது, அவளுடையது ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் சிநேகிதம் என்றால் அப்படித்தானே. "மாதா மேல ஆண, ஒருத்தருட்டயும் சொல்லப்பிடாது" என்றாள். நான் எங்கள் ஊர் அம்மன் பேரைச் சொல்லித் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அந்த நாலு அடையாளமும் என்னென்ன என்று நீங்கள் இப்போது ஆவலாகக் காத்திருக்கிறீர்கள். இருங்கள், இருங்கள். சொல்ல மாட்டேன்.

பொருட்காட்சிக்கு முந்தின நாள் அவள் வரவில்லை, கடைசித் தங்கைக்குக் காய்ச்சல். நான் மட்டும் எங்கள் நீல மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து ஊர்ப் பள்ளிக்காரர்கள் புகை கக்கும் எரிமலை கொண்டுவருகிறார்களாம். சார் நகத்தைக் கடித்துக்கொண்டு, "கடல் ரொம்ப மொட்டையா இருக்கே" என்று என் காதுபடச் சொன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பரிசு வேண்டும் என்ற ஆசையும் உண்டு. ஆனால் அதைவிட, முட்டை வாங்கினாளே, அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று இவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தையல் டீச்சரிடம் சிவப்பு நூல்கண்டு வாங்கினேன். மலையில் ஒரு குச்சி, கரையில் ஒரு குச்சி, நூல் கடலுக்குள் போயிற்று. இன்னொரு மலை, இன்னொரு அடையாளம், இன்னொரு நூல். இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்தேன். சாரிடம் என்னவென்று சொன்னேன். அவர் முகம் மாறியது. ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். "அந்தப் பிள்ள அன்னைக்கு வரைஞ்சுட்டு வந்தது இதுதானா? அட மடையா!" என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டார். எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. பெஞ்சு இரவல் கொடுக்க வந்த மாதா கோவில் உபதேசியாரும் பார்த்து, "கொள்ளாமே!" என்று மெச்சிவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடற்கரையில் பூசை முடிந்து ஜனங்கள் வருவதற்கு வெகுநேரம் முன்பே என் பெஞ்சுக்காரியும் அவள் அப்பனும் வந்து நின்றார்கள். வெள்ளை வேட்டியும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் போட்டு, வெயிலில் கறுத்த பெரிய மனுஷர். பூசைக்குக்கூட நிற்காமல் வந்திருக்கிறார். காரணம் பிறகுதான் தெரிந்தது. கடலுக்குப் போகாத உபதேசியார் ஒன்றும் புரியாமல், காலையில் கோவில் வாசலில் எல்லார் முன்னாலும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "ஒனக்க மவளும் கூட்டுக்காரியும் பள்ளிக்கூடத்துல கடலுக்குள்ள செவப்பு நூல் கட்டி, ஒரு கல்லும் வச்சிருக்காவ!"

அவர் மேசையண்டை வந்தார். மலையைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பெஞ்சுக்காரியின் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

"இத யாரு கட்டுனது?" என்றார்.

"நான்" என்றேன். 

"ஒனக்கு யாரு மக்கா சொன்னா?"

 இவள் பேரைச் சொன்னால் வீட்டுக்குப் போய் அடி விழுமே. அதற்குள் அவளே, "நாந்தான் அப்பா சொன்னேன்" என்றாள்.

அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. அவளுக்கு நகை கிடையாது, நிலம் கிடையாது. இருந்த ஒன்றை நான் மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் கடற்கரை முழுக்க வரப்போகிறது, வந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். பாய்ந்து நூலைப் பிடுங்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவர் கை மரப்பட்டை மாதிரி சொரசொரப்பாக இருந்தது, பிடியோ பூப்போல.

"பிடுங்காத மக்கா. கட்டியிருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இப்பம் பிடுங்குனா, மறைக்கப்பட்ட கணியம் அதுதான்னு ஆயிரும்."

வாசலைப் பார்த்தார். தூரத்தில் மணலில் வெள்ளை வேட்டிகள் வந்துகொண்டிருந்தன. கொஞ்சம் யோசித்தார். பிறகு சாரிடம் திரும்பி, "சாரே, நூல் இன்னும் இருக்கா?" என்றார்.

சாருக்கு விஷயம் முழுதாகப் புரிந்ததோ என்னவோ, ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஓடிப்போய் நூல்கண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனுஷர் மேசையைச் சுற்றி வந்து கட்டத் தொடங்கினார். அந்த விரல்கள் போட்ட முடிச்சுகளை எண்ண முடியாது, அத்தனை வேகம். கூனல் மலையிலிருந்து ஒன்று, இரட்டைத்தலையிலிருந்து ஒன்று, கலங்கரை விளக்கிலிருந்து மூன்று, தென்னையிலிருந்து, பாலத்திலிருந்து, எங்கள் நெல் முளைத்த வயலுக்கு நடுவிலிருந்துகூட ஒன்று! ஊருக்குப் பொதுவான கணியங்கள் சில, ஒன்றுமே இல்லாத வெறுங்கோடுகள் சில. "கல்லு கொண்டா மக்கா, கல்லு கொண்டா" என்றார். நானும் அவளும் முற்றத்துக்கு ஓடிக் கூழாங்கற்களைப் பாவாடையில் பொறுக்கி வந்தோம். நூல் சேர்கிற இடமெல்லாம் கல். என் இரண்டு நூலும் அந்தக் கூட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டன.

ஜனங்கள் உள்ளே வந்தார்கள். கடற்கரை ஆண்கள் மலையையும் பார்க்கவில்லை, வயலையும் பார்க்கவில்லை. நேரே கடலுக்கு வந்தார்கள்.

"ஏலே, இது நம்ம பெரிய பாறைல்லா!"

"அது இங்க கிடையாதுடே. இன்னும் மேற்க போணும்."

"ஒனக்க கண்ணுல என்ன பூவா விழுந்திருக்கு? தென்னையப் பாரு, மலையப் பாரு!"

ஒரே ரகளை. ஒருவர் நூலை அவிழ்த்து வேறு மலைக்கு மாற்றுகிறார், இன்னொருவர் அதைத் திரும்ப மாற்றுகிறார். சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்து, "அண்ணாச்சி, இன்னொரு தடவ சொல்லுங்க. அந்த மலைக்கு நீங்க என்ன பேரு சொன்னீக?" என்று எழுதிக்கொண்டே இருந்தார். மொட்டையாகக் கிடந்த எங்கள் கடலில் கை வைக்க இடமில்லை.

ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. நரைத்த மீசைக்காரர். அவர் விரல் மற்ற நூல்களையெல்லாம் தாண்டி என் நூல் ஒன்றின் மேல் வந்து நின்றது. மெதுவாக அதைத் தடவிக்கொண்டே கடலுக்குள் போனது. என் கல்லுக்கு நாலு விரற்கடை தூரம்தான். என் பெஞ்சுக்காரி என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

"இது என்ன கணியம்? கேட்டதில்லியே" என்றார் அவர்.

"அதுவா? பிள்ளேய வெளையாட்டுக்குக் கட்டுனது. அங்க வெறும் சேறுல்லா கிடக்கு" என்றார் அவள் அப்பன், வெற்றிலையை மென்றுகொண்டே.

மீசைக்காரர் அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு அடுத்த நூலுக்குப் போனார். நம்பினாரா, நம்பாமல் விட்டுக்கொடுத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவானாலும் அவர் நன்றாக இருக்கட்டும் என்று அப்போதே வேண்டிக்கொண்டேன்.

பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. பரிசை முடிவு செய்கிற கல்வி அதிகாரி வந்தபோது எங்கள் மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "இது என்ன, நூல் கடையா?" என்று கேட்டுவிட்டு எரிமலைக்குப் போய்விட்டார். புதுப் படக்கட்டு பக்கத்து ஊருக்குப் போயிற்று. சார் துளிகூட வருத்தப்படவில்லை. அந்த நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "போகட்டும்டே, போகட்டும்" என்றார்.

புறப்படும்போது அவள் அப்பன் என்னைத் தனியே கூப்பிட்டார். அடி விழும் என்றுதான் நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மக்கா, ஒருத்தி ஒனக்குன்னு ஒண்ணு சொன்னா, அது ஒனக்குத்தான். இனியும் அது ஒனக்க கையிலதான் இருக்கு, என்னா?" என்றார். தலையாட்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் தன் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். உப்பும் வெற்றிலையும் மணத்த துண்டு.

பெஞ்சுக்காரி மறுநாளே இடம் மாறி உட்கார்ந்தாள். இரண்டு மாதம் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். பென்சில் கொடுத்தேன், நெல்லிக்காய் கொடுத்தேன், தூதுவிட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. முழு ஆண்டுப் பரீட்சைக்கு முந்தின மத்தியானம், அவளாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வாழையிலைப் பொதியை என் பக்கம் தள்ளினாள். "தின்னு. ஆறிரும்" என்றாள். கண்ணீரோடு நெத்திலி தின்றவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் பூகோள டீச்சரானது அந்த மேசையால்தான். வேறு யாருக்கும் எதற்கும் அந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன். போன பள்ளியில் எல்லாம் நூல்கண்டு வாங்கினேன். மலைப்பக்கத்துப் பள்ளியில் இருந்தபோது பிள்ளைகளைச் சிதறால் குன்றுக்குக் கூட்டிப்போய், தூரத்தில் தெரிகிற இரண்டு அடையாளங்களை வைத்து நிற்கிற இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். எத்தனையோ மலைகளையும் கோபுரங்களையும் உதாரணம் சொல்லியிருக்கிறேன். அந்த நாலை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. வாய்வரை வந்த நாட்கள் உண்டு. விழுங்கிவிடுவேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆனது. அவள் அப்பன் சொன்னபடியே கோவில் முற்றத்தில் மாப்பிள்ளையின் காதில் குனிந்து சொன்னதை நான் என் கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளை பவ்யமாகத் தலையாட்டினார். ஆறு மாதத்தில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கே ஏசி மெஷின் ரிப்பேர். தங்கமான மனுஷர், குடும்பத்தைக் கரையேற்றினார், ஆனால் ஒருநாளும் கட்டுமரத்தில் ஏறவில்லை. அவள் அப்பனும் போய்ச் சேர்ந்தார், பல வருஷங்களுக்குப் பிறகு அந்த மாப்பிள்ளையும்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது. சர்க்கரை, முட்டுவலி எல்லாம் பேசி முடித்த பிறகு சொன்னாள். மகன் வெளிநாட்டு வேலையை விட்டு வந்து, இன்ஜின் வைத்த ஃபைபர் வள்ளம் ஒன்று வாங்கியிருக்கிறான். ஜிபிஎஸ் கருவியும் இருக்கிறது. தாத்தாவின் பாறையைக் கேட்கிறான். அந்த இடத்துக்கு ஒருதடவை போய்க் குறித்துவிட்டால் பிறகு கருவியே கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் அந்த ஒருதடவை போக வேண்டுமே.

"எனக்கு ஒரு கோடு நல்லா ஞாபகம் இருக்குட்டி. மத்தது வரமாட்டேங்கு. மூணு நாளா கட்டில்ல கிடந்து யோசிக்கேன். அப்பன் சோறு தின்னுக்கிட்டுச் சொன்னது காதுல கேக்கு, சொல்லு மட்டும் வரல." அவள் குரல் உடைந்தது. "ஒனக்கு... ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன். கூடத்தில் வீட்டுக்காரர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்க பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"மவன் மட்டுந்தான்."

முதல் கோட்டை அவளைச் சொல்லச் சொன்னேன். சொன்னாள், சரியாகச் சொன்னாள். இரண்டாவதை நான் சொன்னேன். கரையில் எது, அதற்குப் பின்னால் எந்த மலை, அந்த மலையில் எந்த இடம். பக்கத்து மலையைக் குவாரிக்காரர்கள் பாதி தின்றுவிட்டார்கள். நம் மலையை இன்னும் தொடவில்லை, போன வாரம் பஸ்ஸில் போகும்போதுகூடப் பார்த்தேன் என்றும் சொன்னேன்.

 பிறகு, "ஏட்டி, இத்தன வருசமா இத நீ ஒருத்தருட்டயும் சொல்லலியா?" என்றாள்.

"இல்ல."

"ஒனக்க மாப்பிள்ளைட்ட?"

"இல்லட்டி."

அவள் அழுதாள். நானும் அழுதேன். அறுபது தாண்டிய இரண்டு கிழவிகள், ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு. அதற்குள் மகன் போனை வாங்கிக்கொண்டான்.

"பெரியம்மா, ஒருநிமிசம் இருங்க. பேனா எடுக்கேன், எழுதிக்கிடுதேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்று, எழுது, எழுது, வரைந்து வை என்று கத்தியவள் நான்.

"எழுதாத மக்கா" என்றேன். "இன்னொரு தடவ சொல்லுகேன். மனசுல வையி."